கையைப் பாருங்கள்: பழைய மாஸ்கோ படங்களில் ஒரு சொல்லைத் தேடி

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பலருக்கு, சோவியத் ஒன்றியம் தமிழில் வெளியிட்ட 'சோவியத் நாடு' இதழ் நினைவிருக்கும். அதைப் படித்தவர்களைவிட, பிரித்தெடுத்து நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டவர்கள்தான் அதிகம். தாள் அவ்வளவு வழவழப்பு, அவ்வளவு கெட்டி. கணக்கு நோட்டின் மேல் மாஸ்கோ மெட்ரோவின் பளிங்குத் தூண்கள் நிற்கும். வரலாற்று நோட்டின் மேல் கோதுமை வயலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பார். அந்த நாட்டைப் பற்றி நம்மில் பலர் முதலில் தெரிந்துகொண்டது அந்த அட்டைகளில்தான்.

இன்று இணையத்தில் அதே ஊரின் வேறு படங்கள் கிடைக்கின்றன. பனிச்சேற்றில் வளைந்து போகும் வரிசை, காலியான இறைச்சிக் கடைக் கண்ணாடிப் பெட்டி, கையில் வலைப்பையோடு நடக்கும் நடுவயதுப் பெண். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு எது நிஜம் என்ற குழப்பம் வரும். பளிங்குத் தூணும் நிஜம், காலிப் பெட்டியும் நிஜம். இரண்டும் ஒரே நகரத்தில் எப்படி இருந்தன என்று புரிய ஒரு சொல் வேண்டும். ரஷ்ய மொழியில் 'தெஃபிட்சீத்'. தமிழில் தட்டுப்பாடு.

பஞ்சம் வேறு, தட்டுப்பாடு வேறு. பஞ்சத்தில் சாப்பாடே இருக்காது. ஏழ்மையில் வாங்கக் காசு இருக்காது. சோவியத் நகரத்தின் தட்டுப்பாட்டிலோ, சட்டைப்பையில் ரூபிள் இருக்கும், கடையில் பொருள் இருக்காது. அல்லது நேற்று இருந்திருக்கும், நாளைக்கு வரலாம், இன்று இல்லை. போகப் போக அந்தச் சொல் நிலைமையைக் குறிப்பதோடு நிற்காமல் பொருளுக்கே பெயராகிவிட்டது. நல்ல காலணி ஒரு தெஃபிட்சீத். காப்பித்தூள் ஒரு தெஃபிட்சீத். ஒருவர் பெருமையோடு 'தெஃபிட்சீத் கொண்டுவந்திருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார்.

இதைப் படத்தில் எங்கே தேடுவது? முகத்தைப் பார்க்காதீர்கள், குளிர்நாட்டுத் தெருவில் முகம் அதிகம் சொல்லாது. கையைப் பாருங்கள்.

அறுபது, எழுபதுகளின் மாஸ்கோ தெருப்படம் எதை எடுத்தாலும் யாராவது ஒருவர் கையில் நூலால் பின்னிய வலைப்பை தொங்கும். உள்ளே ஒரு ரொட்டி, ஒரு பால் புட்டி, நாலு உருளைக்கிழங்கு. பையின் பெயர் 'அவோஸ்கா'. 'அவோஸ்' என்றால் ரஷ்ய மொழியில் 'ஒருவேளை', 'கிடைத்தாலும் கிடைக்கும்' என்ற பொருள் வரும். அந்தப் பெயரை 1930களில் மேடைக் கலைஞர் அர்காதி ராய்கின் பரப்பினார் என்பார்கள். கசக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், விரித்தால் ஐந்தாறு கிலோ தாங்கும். வேலைக்குப் போகும் பொறியாளர், மருத்துவர், ஆசிரியை எல்லாருடைய கோட்டுப் பையிலும் அது சுருண்டு கிடக்கும். ஏனென்றால், வீடு திரும்பும் வழியில் எந்தக் கடையில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபோது கையில் பை இல்லையென்றால் அன்றைய வாய்ப்பு போய்விடும்.

மக்கள் பேச்சும் இதற்கேற்ப மாறியிருந்தது. 'வாங்கினேன்' என்பதற்கு 'கூப்பித்' என்ற வினை ரஷ்ய மொழியில் உண்டு. ஆனால் நல்ல பொருள் எதையும் யாரும் 'வாங்கியதாக'ச் சொல்ல மாட்டார்கள். 'தஸ்தாத்' என்பார்கள். அலைந்து திரிந்து கைக்குக் கொண்டுவருவது என்று பொருள். கடைக்காரர் பொருளை விற்கிறார் என்பதும் இல்லை, 'கொடுக்கிறார்கள்' என்பார்கள். தெருவில் ஒரு வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுகொண்டு, பிறகு முன்னால் இருப்பவரிடம் 'ஷ்தோ தயூத்?' என்று கேட்பார்கள். 'என்ன கொடுக்கிறார்கள்?' திடீரென்று ஒரு சரக்கு விற்பனைக்கு வந்துவிட்டால் அதை 'வெளியே எறிந்திருக்கிறார்கள்' என்பார்கள்.

நம் ஊர் ரேஷன் கடை வாசலில் நின்றவர்களுக்கு இந்த மொழி அந்நியமாகத் தோன்றாது. 'இன்னைக்கு என்ன போடுறாங்க?' 'பாமாயில் போட்டாச்சா?' என்றுதானே கேட்கிறோம். ஒரே ஒரு வேறுபாடு. நமக்கு ரேஷன் கடை மாதத்தில் ஓரிரு நாள், மற்ற நாளுக்கு மளிகைக் கடை இருக்கிறது. மாஸ்கோவாசிக்குச் செருப்பு, குழந்தையின் குளிர்காலக் கோட்டு, அலமாரி, ஆரஞ்சுப்பழம் எல்லாமே கிட்டத்தட்ட 'போடுகிற' பொருள்கள். விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தைகள் இருந்தன. விலை இரண்டு மூன்று மடங்கு.

கையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இன்னொரு படம் கண்ணில் படும். கோட்டும் தொப்பியும் அணிந்த ஒரு கனவான், கழுத்தில் மாலை போட்டதுபோல நடந்து வருவார். மாலையில் பூவுக்குப் பதில் கழிப்பறைத் தாள் சுருள்கள், பத்துப் பதினைந்து, சணல் கயிற்றில் கோத்தவை. சோவியத் ஒன்றியத்தில் அந்தத் தாளின் உற்பத்தியே 1960களின் இறுதியில்தான் தொடங்கியது. மனிதன் விண்வெளிக்குப் போனது 1961. ககாரின் பறந்த ஆண்டில் அவருடைய நாட்டு வீடுகளில் பழைய செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி ஆணியில் குத்தி வைத்திருந்தார்கள். அந்த மாலைக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகத்தில் ஒரு வெற்றிக்களை தெரிகிறது. வழியில் குறைந்தது பத்துப் பேராவது அவரை நிறுத்தி, 'எங்கே கொடுக்கிறார்கள்?' என்று கேட்டிருப்பார்கள்.

வரிசைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வந்தவுடன் 'க்தோ பஸ்லேத்னி?', அதாவது 'கடைசி யார்?' என்று கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். 'நான் உங்களுக்குப் பின்னால்' என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் வந்ததும் அவரிடமும் சொல்லிவிட்டால், நடுவில் இன்னொரு வரிசைக்குப் போய்வரலாம். அதனால் படத்தில் தெரியும் வரிசையைவிட உண்மையான வரிசை எப்போதும் நீளம். இருந்தும் இல்லாமல் நிற்பவர்கள் படத்தில் விழுவதில்லை. மரச்சாமான், கம்பளம் போன்றவற்றுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால் பெயர்ப் பட்டியல் போட்டு, உள்ளங்கையில் மையால் எண் எழுதிக்கொண்டு, குறித்த நேரத்துக்கு வந்து ஆஜர் சொல்ல வேண்டும்.

கடைக்குள் நுழைந்தாலும் ஒரே வரிசை இல்லை. முதலில் விற்பனை மேசையில் நின்று பொருளைத் தேர்ந்து எடைபோட்டு விலை தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு காசாளர் கூண்டின் முன் நின்று பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அவர் பக்கத்தில் மரச்சட்டத்தில் மணிகள் ஓடும் கணக்குப் பலகை இருக்கும், விரல் பட்டால் டக் டக்கென்று விலை வந்துவிடும். சீட்டோடு மறுபடியும் விற்பனை மேசைக்கு வந்து நின்றால்தான் பொருள். பழைய கோர்க்கி தெருவில், ஜார் காலத்து வணிகர் எலிசேயெவ் வாங்கிப் புதுப்பித்த மாளிகையில் இயங்கிய முதலாம் எண் உணவுக்கடையின் படங்களைப் பாருங்கள். சரவிளக்கும் பொன்முலாம் பூசிய தூண்களும் மேலே, தோளோடு தோள் உரசி நிற்கும் கம்பளித் தொப்பிகள் கீழே.

இப்படி ஏன் ஆயிற்று என்பதை ஒரு கரண்டி விளக்கும். சோவியத் காலக் கரண்டி, மின்பிளக், பொம்மை எதையாவது திருப்பிப் பார்த்தால் அடியில் விலை பொறித்திருக்கும். ஒட்டிய சீட்டில்லை, உலோகத்திலேயே வார்த்த எழுத்து. விலையை அரசு முடிவு செய்தது, கடைக்காரர் மாற்ற முடியாது, ஆண்டுக்கணக்கில் மாறவும் மாறாது. அந்த உறுதியோடுதான் அச்சு வார்த்தார்கள்.

மக்களுக்கு இதில் நிம்மதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1961இல் பத்துப் பழைய ரூபிளுக்கு ஒரு புதிய ரூபிள் என்று பணத்தை மாற்றிய பின், மாஸ்கோ மெட்ரோ கட்டணம் 5 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்). 1991 வரை அதே 5 கோபெக். தெருவோரச் சோடா இயந்திரத்தில் வெறும் சோடா 1 கோபெக், பழச்சாறு கலந்தது 3 கோபெக். வீட்டு வாடகை சம்பளத்தில் சிறு துண்டு. ஆனால் சம்பளம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. சராசரி மாதச் சம்பளம் 1960இல் ஏறத்தாழ 80 ரூபிள், 1970இல் 122, 1980இல் 169. இறைச்சியும் வெண்ணெயும் மட்டும் 1962ஆம் ஆண்டு விலையிலேயே நின்றன. எல்லார் கையிலும் இரண்டு மடங்குப் பணம், பொருளின் விலை அதே, உற்பத்தியோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அப்போது காலையில் கடை திறந்ததும் முதலில் வந்தவர்கள் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். விலை உயர்ந்து வடிகட்ட வேண்டியதை வரிசை வடிகட்டியது.

விலையை ஏற்றிப் பார்த்திருக்கலாமே என்றால், பார்த்தார்கள். 1962 ஜூன் 1 முதல் இறைச்சி, வெண்ணெய் விலையைக் கூட்டினார்கள். தெற்கே நோவோசெர்காஸ்க் நகர மின்ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் போனார்கள். ஜூன் 2 அன்று அவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்பதுகளின் கடைசி வரை எந்தச் செய்தித்தாளிலும் ஒரு வரி வரவில்லை. அதற்குப் பிறகு ரொட்டி, பால், இறைச்சி விலையைத் தொட ஏறத்தாழ முப்பது ஆண்டு ஒருவரும் துணியவில்லை. மாஸ்கோ வரிசைப் படங்களுக்குப் பின்னால் வெளிவராத அந்த நோவோசெர்காஸ்க் படமும் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

ஆலைகளின் பக்கமும் ஒரு கோளாறு. என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை மாஸ்கோவில் இருந்த திட்டக்குழு எண்களாக அனுப்பும். எடையில் இலக்கு வைத்தால் ஆலை கனமான பொருளாகச் செய்து கணக்கை முடித்துவிடும். சரவிளக்கு ஆலை இப்படிச் செய்வதாக, ஸ்டாலினுக்குப் பின் நாட்டின் தலைவரான குருஷ்சேவே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். வாங்குபவருக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்விக்குத் திட்டத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சரி, படங்களை எடுத்தவர்கள் யார்? அதைக் கேட்காமல் பழைய படத்தை நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. முதல் வகை, அரசு இதழ்களுக்காக எடுத்தவை. இவற்றைப் பொய் என்று ஒதுக்கினால் நமக்குத்தான் நஷ்டம். அலெக்சாந்தர் ரோத்சென்கோ 1925இல் மாஸ்கோவின் மியாஸ்னித்ஸ்கயா தெருவில், தான் குடியிருந்த கட்டடத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து எடுத்த படத்தில், பால்கனிகள் ஏணிப்படிபோல வானத்துக்கு ஏறும். புது உலகம் கட்டுகிறோம் என்று அந்தத் தலைமுறை உண்மையிலேயே நம்பியது, கேமராக் கோணமே அதற்குச் சாட்சி.

இரண்டாவது, வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தவை. ஸ்டாலின் இறந்த மறு ஆண்டு, 1954இல், பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் மாஸ்கோவுக்கு அனுமதிக்கப்பட்டார். அவர் சிலைகளை விட்டுவிட்டு மனிதர்களை எடுத்தார். உணவுக்கூடத்தில் தொழிலாளர்கள் ஜோடியாக ஆடும் படம் அப்போது வந்ததுதான். அதே காலத்தில் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த ராணுவ அதிகாரி மார்ட்டின் மேன்ஹாஃப் வண்ணப் படச்சுருளில் மாஸ்கோவை எடுத்துக் குவித்தார். 1954இல் உளவுக் குற்றம் சாட்டி அவரை வெளியேற்றினார்கள். பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்த அந்தப் படங்கள் வெளிவந்தபோது பார்த்தவர்களைத் திகைக்க வைத்தது ஒரு எளிய விஷயம்: நாம் கறுப்பு வெள்ளையாகவே கற்பனை செய்துகொண்டிருந்த தெருக்களில் சிவப்புத் தலைத்துணியும் நீலப் பேருந்தும் இருந்தன.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டு ஆல்பம். லெனின்கிராடின் லோமோ ஆலை செய்த 'ஸ்மேனா' கேமரா விலை மலிவு, பள்ளி மாணவனுக்கும் கிடைக்கும். படங்களை வீட்டுக் குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுத் தாளில் அச்சிடுவார்கள். இரவு எல்லாரும் தூங்கிய பிறகுதான் அது முடியும், ஏனென்றால் குளியலறை பல குடும்பங்களுக்குப் பொது.

அந்தப் பொதுவீடு 'கமுனால்கா'. புரட்சிக்குப் பின் பணக்காரர்களின் பெரிய வீடுகளை அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று குடியமர்த்தினார்கள். பின்னர் கிராமங்களிலிருந்து ஆலை வேலைக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வர, அந்த ஏற்பாடு நிரந்தரமானது. வாசல் கதவுப் படத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரே கதவில் நாலைந்து அழைப்புமணிகள், அல்லது ஒரே மணியின் கீழ் ஒரு சீட்டு: இன்னாருக்கு ஒரு முறை, இன்னாருக்கு இரண்டு முறை, இன்னாருக்கு மூன்று முறை அழுத்தவும். சமையலறையில் குடும்பத்துக்கு ஒரு மேசை. நடைவழிச் சுவரில் மிதிவண்டியும் துத்தநாகத் தொட்டியும் தொங்கும். கழிப்பறையில்கூட ஆளுக்கொரு மின்விளக்கு, ஆளுக்கொரு சுவிட்சு. மின்கட்டணத்தில் சண்டை வரக்கூடாதல்லவா. சென்னையின் பழைய ஸ்டோர் வீடுகளில் பொதுக் குழாயடியைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி புரியும்.

அதனால்தான் அறுபதுகளின் ஆல்பங்களில், ஒன்றுபோலவே இருக்கும் ஐந்துமாடிக் கான்கிரீட் கட்டடங்களின் முன் நின்று எடுத்த படங்களில் அவ்வளவு சிரிப்பு. இன்று பார்ப்பவர்கள் 'என்ன அலங்கோலமான பெட்டி' என்று கடந்துபோகிறார்கள். அது அநியாயம். 1957 ஜூலை 31 அன்று வந்த வீட்டுவசதி ஆணைக்குப் பிறகு, தொழிற்சாலையில் வார்த்த சுவர்ப் பலகைகளைப் பாரந்தூக்கியால் அடுக்கி, வேகமாக எழுப்பிய கட்டடங்கள் அவை. மக்கள் 'குருஷ்சோவ்கா' என்றார்கள். ஐந்து மாடிக்கு மேல் போனால் லிஃப்ட் வைக்க வேண்டும், செலவு கூடும், அதனால் ஐந்தோடு நிறுத்தினார்கள். கூரை உயரம் இரண்டரை மீட்டர், சமையலறை ஐந்தாறு சதுர மீட்டர். ஆனால் கதவுக்கு ஒரே மணி. தாழ்ப்பாளைப் போட்டால் உள்ளே இருப்பது நம் குடும்பம் மட்டும். இருபது ஆண்டுகள் பொதுச் சமையலறையில் வெந்தவருக்கு அந்தத் தாழ்ப்பாளின் மதிப்பு தெரியும்.

புதுவீட்டுப் படங்களில் சுவரில் ஒரு கம்பளம் மாட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மெல்லிய சுவர் வழியே வரும் குளிரையும் பக்கத்து வீட்டுப் பேச்சையும் அது கொஞ்சம் தடுக்கும். அதோடு, கம்பளமும் ஒரு தெஃபிட்சீத். கால்படும் தரையில் விரிக்க மனம் வருமா?

அந்தக் கம்பளத்தின் முன்னால் புத்தாண்டு இரவு மேசை. இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவார்கள். கடைகள் காலி என்கிறீர்கள், மேசை நிரம்பி வழிகிறதே? பட்டாணியும் உருளைக்கிழங்கும் மயோனைஸும் கலந்த 'ஒலிவியே' சாலட், வெட்டிய கொத்துக்கறி உருளைகள் (சாசேஜ்), மீன், மாண்டரின் பழம், சோவியத் ஷாம்பெயின். அந்தப் பட்டாணி டின் அக்டோபரிலேயே எங்கோ 'கொடுத்தபோது' வாங்கி, அலமாரியின் பின்மூலையில் யாரும் தொடாமல் வைத்தது. மீன் டின் அலுவலகத்தில் விடுமுறைக்காகத் தந்த பொட்டலத்தில் வந்தது. கறி உருளை, இறைச்சிக் கடையில் வேலை செய்யும் தெரிந்தவர் மேசைக்கு அடியில் ஒதுக்கிவைத்தது. இந்தக் கடைசி வழிக்குப் 'ப்ளாத்' என்று பெயர். பணத்தால் ஆகாததை ஆள் பழக்கத்தால் முடிப்பது. பல் மருத்துவர் கறிக்கடைக்காரரின் பல்லைப் பார்ப்பார், கறிக்கடைக்காரர் நாடக அரங்கச் சீட்டுக்காரருக்கு நல்ல துண்டை ஒதுக்குவார், அவர் பல் மருத்துவருக்கு இரண்டு சீட்டு எடுத்துவைப்பார். காசு கைமாறுவது இதில் சிறு பகுதிதான். அந்த மேசை, மூன்று மாத உழைப்பின் படம்.

இத்தனைக்கும் மாஸ்கோ கொடுத்துவைத்த ஊர். தலைநகர் என்பதால் அதற்குத்தான் முதலில் சரக்கு வரும். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களிலிருந்து மக்கள் ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து, வாங்கிச் சுமந்து போனார்கள். அதில் பிறந்த ஒரு விடுகதை: 'நீளமானது, பச்சையானது, கறி உருளை வாசம் வீசுவது, அது என்ன?' விடை: மாஸ்கோவிலிருந்து திரும்பும் மின்ரயில்.

1992 ஜனவரி 2 அன்று, சோவியத் ஒன்றியம் கலைந்த மறுவாரம், ரஷ்யாவில் விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். கரண்டியில் வார்த்த விலைக்கு அன்றோடு பொருளில்லை. மாதக் கடைசியில், யாரும் எங்கும் விற்கலாம் என்று ஓர் ஆணை வந்தது. அந்தக் குளிர்காலத்தில் மாஸ்கோ நடுவில், 'குழந்தைகள் உலகம்' கடையை ஒட்டிய நடைபாதையில் எடுத்த படங்களில் மறுபடியும் ஒரு நீண்ட வரிசை. கோட்டில் அந்த ஆணை அச்சான செய்தித்தாள் துண்டைக் குத்திக்கொண்டு சிலர். பார்த்த மாத்திரத்தில் பழைய வரிசை போலவே இருக்கும், கையைப் பார்க்கும் வரை. வலைப்பை இல்லை. ஒருவர் கையில் ஒரு ஜோடிக் காலணி, அடுத்தவர் கையில் கம்பளிக் காலுறை, அதற்கடுத்த மூதாட்டியின் கையில் தேநீர்க் கெண்டி. வாங்க நின்ற கைகள் விற்க நிற்கின்றன.